வாக்கு இயந்திரத்தைத் திறந்து பார்த்தவர்

செமஸ்டர் முடிந்து ஒரு வாரமாக வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். ரொம்ப நாளாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆன பள்ளி ஆசிரியர். ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு கணக்கு சொல்லிக்கொடுத்தவர். 2001 மே 10ஆம் தேதி பாகூர் பக்கம் ஒரு வாக்குச்சாவடியில் அவர்தான் பிரிசைடிங் ஆபீசர். அந்தத் தேர்தலில்தான் தமிழ்நாடு, கேரளா, மேற்கு வங்காளம், நம்ம புதுச்சேரி ஆகிய இடங்களில் எல்லாத் தொகுதிகளிலும் முதல் தடவையாக வாக்குச்சீட்டு இல்லாமல் மின்னணு இயந்திரத்தில் ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுவதும் நாடாளுமன்றத் தேர்தலுக்கு இயந்திரம் வந்தது 2004இல்தான். அதாவது அந்த விஷயத்தில் நாம் டில்லிக்கே சீனியர். (அப்போது ரெட்டியார்பாளையம் என்று தனிச் சட்டமன்றத் தொகுதியே இருந்தது. 2008 மறுசீரமைப்பில் அது காணாமல் போய்விட்டது.)

தாத்தா அந்த நாளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பயிற்சி வகுப்பில் பெட்டியைத் தொடவே எல்லோரும் பயந்தார்களாம். காலையில் ஏஜென்டுகள் முன்னால் மாதிரி ஓட்டுப் போட்டுக் காட்டி, கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, அழித்து, பச்சைத் தாள் முத்திரை ஒட்டி, ஏஜென்டுகளிடம் கையெழுத்து வாங்கி, நூல் கட்டி, அரக்கு வைத்து... ஒன்று விடாமல் சொல்வார். ஒவ்வொரு ஓட்டுக்கும் நீளமாக ஒரு பீப். சாயந்திரம் வரை அந்தச் சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்ததாம். அவருக்கு அந்த இயந்திரத்தின் மேல் ஒரு சந்தேகமும் கிடையாது. "பெட்டி என் கையில இருந்துதுடா, யார் என்ன பண்ண முடியும்?" என்பார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய் ஒருவர் ஒரு வாரம் சிறையில் இருந்தார். அவரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயர் ஹரி பிரசாத். முழுப் பெயர் வேமூரு ஹரி கிருஷ்ண பிரசாத். ஊர் ஹைதராபாத்.

ஹேக்கர் என்றதும் நம்ம ஆட்களுக்கு பேங்க் பணத்தைச் சுருட்டுகிறவன்தான் ஞாபகம் வருகிறது. சினிமா அப்படிப் பழக்கிவிட்டது. தமிழில் சிலர் கொந்தர் என்று எழுதுகிறார்கள், கட்டற்ற மென்பொருள் ஆட்களுக்குப் பிடித்த சொல். ஒரு பொருளைத் திறந்து, அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, செய்யக்கூடாத வேலையையும் அதைச் செய்ய வைக்கிறவர் என்பதுதான் பழைய அர்த்தம். ஹரி பிரசாத் அந்த வகை. தொழிலில் அவர் ஹைதராபாத்தில் நெட்இந்தியா என்ற தொழில்நுட்ப நிறுவனத்தை நடத்தியவர், அதாவது இருட்டு அறையில் முகமூடி போட்டு உட்கார்ந்திருக்கும் ஆசாமி இல்லை :-)

அவர் கதைக்குப் போகும் முன் இயந்திரத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இது புரியாது.

இந்தியாவில் வாக்கு இயந்திரத்தைச் செய்பவை இரண்டு அரசு நிறுவனங்கள். ஒன்று ஹைதராபாத்தில் இருக்கும் ஈசிஐஎல், இன்னொன்று பெங்களூரில் இருக்கும் பாரத் எலக்ட்ரானிக்ஸ். இந்த இரண்டாவதில் வடிவமைப்பு, உற்பத்தி வேலையில் முக்கியமான ஆள் யார் தெரியுமா? எஸ். ரங்கராஜன். நமக்குத் தெரிந்த பெயரில் சொன்னால், எழுத்தாளர் சுஜாதா! ஆளுகிறவர் நிஜ மனிதர்தானா என்று சந்தேகம் வருகிற மாதிரி 'என் இனிய இயந்திரா' எழுதிய அதே கை, நாடே நம்பி ஓட்டுப் போடுகிற இயந்திரத்திலும் வேலை செய்திருக்கிறது. இதை வைத்து ஒரு தனிப் பதிவே போடலாம்.

இயந்திரத்தை முதலில் பயன்படுத்திப் பார்த்தது 1982 மே மாதம், கேரளாவின் பரவூர் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். இங்கே ஒரு காமெடி நடந்தது. கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, தேர்தலுக்கு முன்பே இயந்திரம் வேண்டாம் என்று கோர்ட்டுக்குப் போனவர். அவரே 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். உடனே தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ், இயந்திரம் செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார். 1984இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமே இல்லை என்று சொல்லி, அந்த 50 சாவடிகளில் சீட்டு வைத்து மறுதேர்தல் நடத்தச் சொன்னது. இந்தத் தடவை ஜோஸ் ஜெயித்தார். பிறகு 1988இல் சட்டத்தைத் திருத்தி இயந்திரத்துக்கு இடம் கொடுத்தார்கள்.

இந்தப் பரவூர் கதையை மறந்துவிடாதீர்கள். இயந்திரத்தின் மேல் யாருக்கு, எப்போது சந்தேகம் வருகிறது என்ற விஷயம் அன்றிலிருந்து இன்று வரை மாறவே இல்லை. தோற்றவருக்கு வரும், ஜெயித்தவருக்குப் போய்விடும்.

2009க்கு வருவோம். நாடாளுமன்றத் தேர்தலும் ஆந்திர சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து நடந்தன. ஆந்திராவில் சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசம் தோற்றது. டில்லியில் பா.ஜ.க. தோற்றது. நான் சொன்ன மாதிரியே எல்லோருக்கும் இயந்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த வி.வி. ராவ் என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். தேர்தல் கமிஷனிடமே போய்ச் சொல்லுங்கள் என்று நீதிமன்றம் அனுப்பியது. ராவின் பக்கம் தொழில்நுட்பம் தெரிந்த ஆளாக நின்றவர்தான் ஹரி பிரசாத்.

அந்த ஆகஸ்டில் கமிஷன் பத்து மாநிலங்களிலிருந்து நூறு இயந்திரங்களைக் கொண்டுவந்து டில்லியில் வைத்து, முடிந்தால் தில்லுமுல்லு செய்து காட்டுங்கள் என்று அழைத்தது. யாராலும் முடியவில்லை என்று அறிவிப்பும் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடிய பெட்டியைக் கொடுத்து, திறக்காமல் குறை கண்டுபிடி என்றால் எப்படி? எங்கள் லேபில் சர்க்யூட்டைக் கையில் கொடுக்காமல் வைவா கேட்கிற மாதிரி. செப்டம்பர் 3ஆம் தேதி ஹரி பிரசாத்தின் குழு மறுபடி கமிஷன் அலுவலகத்துக்குப் போனது. இந்தத் தடவை இயந்திரத்தைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். காரணம், உள்ளே இருப்பது ஈசிஐஎல் நிறுவனத்தின் அறிவுசார் சொத்து, அது வெளியே போய்விடும் என்பது. அன்றைக்கு அதை முழுசாகப் பார்க்க விட்டிருந்தால், பின்னால் வந்தது எதுவும் நடந்திருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த முக்கியமான இடம் நம்ம சென்னை. 2010 பிப்ரவரியில் வாக்கு இயந்திரம் பற்றி அங்கே ஒரு கருத்தரங்கம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்ஸ் ஹால்டர்மேன். அமெரிக்க வாக்கு இயந்திரங்களைப் பிரித்து மேய்ந்தவர். இன்னொருவர் நெதர்லாந்துக்காரர் ராப் கோங்கிரைப்.

இந்த ராப் பற்றி ஒரு பாரா சொல்லியே ஆக வேண்டும். உண்மையான பழைய தலைமுறை ஹேக்கர். எண்பதுகளின் கடைசியில் 'ஹேக்-டிக்' என்று ஹேக்கர்களுக்கே ஒரு பத்திரிகை நடத்தினார். 1993இல் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் எக்ஸ்எஸ்4ஆல் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2006இல் தன் நாட்டு வாக்கு இயந்திரத்தை வாங்கிப் பிரித்து, அதன் சிப்பை மாற்றி, அதைச் செஸ் ஆட வைத்துக் காட்டினார்! இயந்திரத்தைச் செய்த கம்பெனி, இது ஓட்டு எண்ணத்தான் லாயக்கு, செஸ் ஆடுவதை நாங்கள் பார்க்க வேண்டும் என்கிற மாதிரி பேசியிருந்தது. சரி பாருங்கள் என்று காட்டிவிட்டார். நெதர்லாந்து அதற்கப்புறம் காகிதச் சீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. பக்கத்தில் அயர்லாந்து இன்னும் பாவம். அதே கம்பெனி இயந்திரங்களை ஐந்து கோடி யூரோவுக்கு மேல் கொடுத்து வாங்கி, 2002இல் சில தொகுதிகளில் மட்டும் வைத்துப் பார்த்து, பிறகு கிடங்கில் போட்டு, 2012இல் எழுபதாயிரம் யூரோ சொச்சத்துக்குப் பழைய இரும்புக்கடை விலையில் விற்றது.

இந்த மூன்று பேரும் கைகோத்தார்கள். ஆனால் கையில் இயந்திரம் இல்லையே? அதே பிப்ரவரியில் ஒருவர் ஹரி பிரசாத்தைத் தேடி வந்து, தேர்தலில் பயன்படுத்தப்பட்ட நிஜ இயந்திரம் ஒன்றைக் கொடுத்தார், தன் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெயரை ஹரி பிரசாத் சொல்ல மறுத்ததுதான் மொத்தக் கதையின் மையம்.

உள்ளே என்ன பார்த்தார்கள் என்று என்னால் முடிந்த வரை எளிதாகச் சொல்கிறேன். இயந்திரம் இரண்டு பகுதி. நாம் பட்டன் அழுத்துவது பேலட் யூனிட். அதிகாரி மேசையில் இருப்பது கன்ட்ரோல் யூனிட். நடுவில் ஒரு கேபிள். ஓட்டு எல்லாம் சேமிக்கப்படுவது கன்ட்ரோல் யூனிட்டில். எண்ணும் நாளில் அதிகாரி ரிசல்ட் பட்டனை அழுத்தினால், அதன் முகப்பில் இருக்கும் சிவப்பு எண்கள் ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை ஓட்டு என்று காட்டும். ஏஜென்டுகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள்.

முதல் தாக்குதல் அந்த முகப்பின் மேல். எண் காட்டும் சின்னப் பலகையை எடுத்துவிட்டு, பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி வேறு பலகையைப் பொருத்துவது. உள்ளே சேமித்த ஓட்டு சரியாகவே இருக்கும். ஆனால் போலிப் பலகை பொய்யான எண்ணைக் காட்டும். எந்த வேட்பாளருக்குச் சாதகமாகக் காட்ட வேண்டும் என்பதை ஒரு செல்போனிலிருந்து புளூடூத் வழியாகச் சொல்லிவிடலாம். அந்த ரேடியோ சிப் எண்களுக்கு அடியிலேயே ஒளிந்திருக்கும். வேட்பாளர் பட்டியல் முன்கூட்டியே தெரியாதே என்ற வாதத்துக்கு இதுதான் பதில். பலகையை எப்போதோ மாற்றி வைத்துவிட்டு, பெயரைப் பிறகு சொல்லலாம்.

இரண்டாவது இன்னும் நேரடியானது. ஓட்டைச் சேமிக்கும் இரண்டு மெமரி சிப்புகளின் மேல் கிளிப் மாதிரி மாட்டும் ஒரு சின்னக் கருவி. சட்டைப் பையில் போட்டுக்கொள்ளலாம். தேர்தலுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் பெட்டி ஸ்ட்ராங் ரூமில் இருக்கும்போது, இதை மாட்டி ஓட்டை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடலாம். சிப்பில் இருக்கும் தகவலுக்கு ரகசியக் குறியீட்டுப் பாதுகாப்பு எதுவும் இல்லாததால் இது சாத்தியமானது. நூலும் அரக்கும் ஸ்டிக்கரும் போலியாகச் செய்ய முடியாதவை அல்ல என்றும் எழுதினார்கள். தாத்தாவின் அரக்கு!

2010 ஏப்ரல் கடைசியில் கட்டுரையும் ஒரு வீடியோவும் வெளியாயின. எட்டுப் பேர் எழுதிய கட்டுரை, அதில் ஹரி பிரசாத்தும் ஒருவர். அந்த அக்டோபரில் சிகாகோவில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் அது ஏற்கப்பட்டு வாசிக்கப்பட்டது.

தேர்தல் கமிஷன் தரப்பையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது கட்சி மேடைப் பேச்சாகிவிடும். அவர்கள் சொன்னது இது. லேபில் ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நிஜத் தேர்தலில் பல லட்சம் பெட்டிகள். எந்தப் பெட்டி எந்தச் சாவடிக்குப் போகும் என்று குலுக்கல் மாதிரி கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. ஸ்ட்ராங் ரூமுக்குக் காவல், கட்சிக்காரர்களின் பூட்டு, முத்திரை எல்லாம் இருக்கிறது. இயந்திரங்கள் ஒன்றோடொன்று எந்த நெட்வொர்க்கிலும் இணைந்தவை அல்ல. எனவே ஒரு தேர்தலைத் திருட வேண்டுமானால் ஆயிரக்கணக்கான பெட்டிகளை ஆயிரக்கணக்கான ஆட்கள் தொட வேண்டும், அது வெளியே வராமல் இருக்காது. கமிஷனின் நிபுணர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் சாதாரண ஆள் இல்லை, சென்னை ஐஐடியின் முன்னாள் இயக்குநர் பி.வி. இந்திரேசன். இந்த வாதத்தில் பலம் இருக்கிறது. என் தாத்தா சொல்வதும் இதைத்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2009 தேர்தலில் மோசடி நடந்தது என்று அந்தக் கட்டுரை நிரூபிக்கவில்லை. நடந்தால் உங்களுக்குத் தெரிய வழியில்லை என்றுதான் அது காட்டியது. இந்த இரண்டும் வேறு வேறு. டீக்கடையில் ஆரம்பித்து பார்லிமென்ட் வரை எல்லோரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டார்கள். கட்சிக்காரர்கள் "பார்த்தீர்களா, மோசடி!" என்றார்கள். கமிஷன் "மோசடிக்கு ஆதாரம் இல்லை" என்றது. கேட்ட கேள்வி நடுவில் அநாதையாக நின்றது.

2010 ஆகஸ்ட் ஆரம்பத்தில் வாஷிங்டனில் ஒரு கருத்தரங்கில் கமிஷன் அதிகாரியும், இந்திரேசனும், ஹால்டர்மேனும் ஒரே மேடையில் உட்கார்ந்து விவாதம் செய்தார்கள். சரி, இனிமேல் நாகரிகமாகப் பேசித் தீர்ப்பார்கள் என்று யாருக்கும் தோன்றியிருக்கும். ஆகஸ்ட் 21ஆம் தேதி விடியற்காலையில் மும்பை போலீஸ் ஹைதராபாத்தில் ஹரி பிரசாத் வீட்டுக்கு வந்தது.

குற்றச்சாட்டு, மும்பையில் அரசுக் கிடங்கில் இருந்த இயந்திரம் திருட்டுப் போன வழக்கு. யார் கொடுத்தார்கள் என்று சொல், விட்டுவிடுகிறோம் என்பதுதான் பேச்சு. சொல்லவில்லை. ஹைதராபாத்திலிருந்து மும்பைக்கு காரிலேயே கூட்டிப் போனார்கள். போகிற வழியில் அமெரிக்காவில் இருந்த ஹால்டர்மேனோடு போனில் பேசினார், அந்தப் பேச்சின் பதிவு அன்றே இணையத்தில் வந்துவிட்டது. கைது பண்ணிக் கொண்டுபோகும் போலீஸ் காரிலிருந்தே உலகத்துக்குச் செய்தி சொன்னவர் என்று பார்த்தால், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சினிமா ஹேக்கர் மாதிரிதான் இருக்கிறார்.

ஒரு வாரம் காவல். ஆகஸ்ட் 28ஆம் தேதி மும்பை மாஜிஸ்திரேட் ஜாமீன் கொடுத்தார். இயந்திரம் திருடப்பட்டதாகவே வைத்துக்கொண்டாலும், இவருக்கு நேர்மையற்ற நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை என்பது நீதிமன்றத்தின் பார்வை. அந்த நவம்பரில் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் அவருக்கு பயனியர் விருது கொடுத்தது. இங்கே திருட்டுக் கேஸ், அங்கே விருது. டிசம்பரில் ஹால்டர்மேன் இந்தியாவுக்கு வந்தபோது டில்லி விமான நிலையத்திலேயே நிறுத்தி, திருப்பி அனுப்பப் போகிறோம் என்றார்கள். பல மணி நேரம் கழித்துத்தான் உள்ளே விட்டார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நம்ம ஊருக்கு வந்துவிட்டுப் போகிறேன். தேர்தலும் தேர்தல் தில்லுமுல்லும் நமக்குப் புதுசு இல்லை. பிரெஞ்சுக்காரன் காலத்தில், 1871 முதலே, இங்கிருந்து பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1914இல் பால் ரிஷார் (ஆசிரமத்து அன்னையின் அப்போதைய கணவர்) இங்கே போட்டியிட்டுத் தோற்றார். அரவிந்தர், பாரதி எல்லாம் அவர் பக்கம். அந்தத் தேர்தலில் நடந்த மோசடியைப் பற்றி அரவிந்தரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். பெட்டியை மாற்றுவது, செத்தவர் ஓட்டுப் போடுவது, அடிதடி, இதெல்லாம் அந்தக் காலத்துப் பெரியவர்கள் வழியாக வந்த கதைகள். என் தாத்தா இயந்திரத்தை ஏன் அவ்வளவு நம்புகிறார் என்பதற்கும் இதுதான் காரணம். சீட்டுக் காலத்தில் சாவடியைக் கைப்பற்றி ஒரு கட்டுச் சீட்டில் பத்து நிமிஷத்தில் குத்திப் போட்டுவிடலாம். இயந்திரத்தில் ஒரு ஓட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அதிகாரி பட்டனை அழுத்த வேண்டும், பிரச்சினை என்றால் 'குளோஸ்' பட்டனை அழுத்தி மூடிவிடலாம். அவர் சொல்வது உண்மை. குண்டரைத் தடுக்கும் பெட்டி, இன்ஜினியரையும் தடுக்குமா என்பதுதான் ஹரி பிரசாத் கேட்டது.

அந்தக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்தது, காகிதமாக. சுப்பிரமணியன் சுவாமி போட்ட வழக்கில் 2013 அக்டோபர் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம், வாக்காளர் சரிபார்க்கும் காகிதச் சீட்டு வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் நாகாலாந்தின் நோக்சன் இடைத்தேர்தலில் அதை முதல் தடவையாகப் பயன்படுத்தியிருந்தார்கள். விவிபேட் என்று நாம் சொல்லும் பெட்டி அதுதான். 2019இல் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஐந்து பெட்டிகளின் சீட்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. இதெல்லாம் ஹரி பிரசாத் ஒருவரால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2010க்கு முன் "தேவையே இல்லை" என்றிருந்த இடத்திலிருந்து மூன்றே வருஷத்தில் இங்கே வந்து நின்றதில், பிரிக்கப்பட்ட அந்த ஒரு பெட்டிக்குப் பங்கு இருக்கிறது.

இங்கேயே நிறுத்தினால் இது ஹீரோ கதை. ஆனால் மனிதரின் கதை அங்கே நிற்கவில்லை.

அவர் சந்திரபாபு நாயுடுவுக்கு நெருக்கமான தொழில்நுட்ப ஆலோசகராகவே ஆனார். 2019 ஏப்ரலில் ஆந்திராவில் ஓட்டுப்பதிவு முடிந்ததும், இயந்திரக் கோளாறு என்று நாயுடு டில்லிக்குப் போய்ப் புகார் சொன்னார். உங்கள் நிபுணரை அனுப்புங்கள் என்றது கமிஷன். தெலுங்கு தேசம் அனுப்பியது ஹரி பிரசாத்தை. 2010 திருட்டு வழக்கைக் காட்டி, வேறு ஆளை அனுப்புங்கள் என்று கமிஷன் மறுத்துவிட்டது. ஒன்பது வருஷம் கழித்தும் அந்தப் பெட்டி அவரை விடவில்லை. பிறகு ஜெகன் ஆட்சிக் காலத்தில், 2021இல், ஆந்திர ஃபைபர்நெட் ஒப்பந்தம் தொடர்பாக சிஐடி பதிவு செய்த வழக்கில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. பழிவாங்கல் என்றது தெலுங்கு தேசம். குற்றச்சாட்டு என்பது தீர்ப்பு ஆகாது, அதனால் அதைப் பற்றி நான் நீதிபதி ஆக விரும்பவில்லை.

ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. இயந்திரத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்வி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லாதது. அதைக் கேட்ட ஆள் ஒரு கட்சிக்குப் பக்கத்தில் நின்றதால், கேள்வியையும் கட்சிக் கணக்கில் எழுதிவிட்டார்கள். வெறும் இன்ஜினியராகவே இருந்திருந்தால் அந்தக் கேள்வியை யாராவது காதில் வாங்கியிருப்பார்களா என்பதும் சந்தேகம்தான். கட்சி இல்லாமல் டில்லி வரை போயிருக்கவே முடியாது. இதில் எது சரி என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கட்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? பரவூர் கதைதான். 2010இல் வாக்கு இயந்திரத்தால் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று புத்தகம் போட்டவர் ஜி.வி.எல். நரசிம்ம ராவ். அதற்கு முன்னுரை அத்வானி. 2014க்குப் பிறகு அவர்கள் கட்சிதான் இயந்திரத்துக்குப் பெரிய வக்கீல். அன்று இயந்திரத்தை ஆதரித்த காங்கிரசுக்கு அதன் மேல் சந்தேகம். 2019இல் தோற்ற நாயுடு இயந்திரத்தைக் குறை சொன்னார், 2024இல் ஜெயித்த நாயுடு ஒன்றும் சொல்லவில்லை. 2019இல் இயந்திரத்தைக் குறை சொல்லாத ஜெகன், 2024 தோல்விக்குப் பிறகு காகிதச் சீட்டு வேண்டும் என்று எழுதினார். ஏ.சி. ஜோஸும் சிவன் பிள்ளையும் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

2024 ஏப்ரல் 19ஆம் தேதி நான் முதல் தடவையாக ஓட்டுப் போட்டேன். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். பட்டனை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் லைட் எரிந்து, நான் அழுத்திய சின்னம் அச்சாகி ஏழு நொடி தெரிந்து, பிறகு கீழே விழுந்தது. அந்த ஏழு நொடியில் நான் ஹரி பிரசாத்தை நினைத்துக்கொண்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் உண்மை. சரியாக ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 26ஆம் தேதி, எல்லா விவிபேட் சீட்டுகளையும் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் பழைய வாக்குச்சீட்டுக்கே திரும்ப வேண்டும் என்ற கோரிக்கைகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. இரண்டாவது, மூன்றாவது இடம் வந்த வேட்பாளர் ஏழு நாளுக்குள் பணம் கட்டி எழுதிக் கேட்டால், ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சதவீத இயந்திரங்களின் சிப்பை இன்ஜினியர்கள் சரிபார்க்க வேண்டும். சிப்பைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதற்குத்தானே 2009இல் பாதியில் எழுப்பி அனுப்பினார்கள்?

இந்தப் பதிவுக்காக அந்த 2010 வீடியோவை தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூடியைத் திறந்து பலகையை எடுக்கும் இடம் வந்ததும், "நிறுத்து, நிறுத்து, திரும்பப் போடு" என்றார். மூன்று தடவை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "பெட்டி எங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடி எங்க இருந்துதுன்னு நான் கேட்டதே இல்லடா" என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து, பச்சை முத்திரையை எப்படி மடித்து ஒட்டுவார்கள் என்று ஒரு பழைய பேப்பரைக் கிழித்து எனக்குச் செய்து காட்டினார். அது இப்போதும் என் மேசை மேல்தான் இருக்கிறது.